பல்லுயிர்ப் பாதுகாப்பில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு வெட்டப்படுவதற்கும் சதுப்பு நிலம் தூர்க்கப்படுவதற்கும் முன்னால், பெரும்பாலும் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து விழுந்திருக்கும். கடன் அனுமதி, பங்கு வாங்கும் முடிவு, பாலிசி ஏற்பு என்று அதற்குப் பல பெயர்கள். அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர்களும் அதற்கான கோப்பைத் தயாரிக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

எங்கள் வங்கி மரம் வெட்டுவதில்லை. பல்லுயிருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இரண்டு பக்கமாக ஓடுகிறது. முதலாவது, உங்கள் பணம் செய்யும் பாதிப்பு. பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் மன்றமான இப்பெஸ் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுமார் 10 லட்சம் இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. அதற்கு அது சொல்லும் நேரடிக் காரணங்கள் ஐந்து: நிலத்தையும் கடலையும் பயன்படுத்தும் முறையில் மாற்றம், அளவுக்கு மீறி அறுவடை செய்தல், காலநிலை மாற்றம், மாசு, அயல் ஊடுருவி இனங்கள். இந்த ஐந்திலும் கடன் பணம் கலந்திருக்கிறது. நிலம் திருத்துவதற்கும், சாலை போடுவதற்கும், மீன்பிடிக் கப்பல் வாங்குவதற்கும் யாரும் கைப்பணத்தை மட்டும் போடுவதில்லை.

இரண்டாவது, உங்கள் பணம் இயற்கையை நம்பி நிற்பது. பழத்தோட்டத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் உங்கள் தவணை மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளைச் சார்ந்தது. நீர்மின் நிலையத்துக்குக் கொடுத்திருந்தால் நீர்ப்பிடிப்புக் காட்டைச் சார்ந்தது. காடு போனால் வண்டல் வந்து அணை தூர்ந்து, மின் உற்பத்தி குறையும். வருமானம் குறைந்தால் தவணை தவறும். இது வழக்கமான கடன் இடர்தான், கோப்பில் இதுவரை எழுதப்படாமல் இருந்தது, அவ்வளவே.

நெதர்லாந்து மத்திய வங்கி 2020இல் தன் நாட்டு நிதி நிறுவனங்களின் 1.4 லட்சம் கோடி யூரோ முதலீடுகளை ஆராய்ந்தது. அதில் 51,000 கோடி யூரோ, அதாவது 36 சதவீதம், ஏதேனும் ஒரு சூழல் சேவையை, அதாவது மகரந்தச் சேர்க்கை, நீர் போல இயற்கை தரும் உதவியை, அதிகமாகவோ மிக அதிகமாகவோ சார்ந்திருந்தது. பிரெஞ்சு மத்திய வங்கி 2021இல் இதே முறையில் பார்த்தபோது, பிரெஞ்சு நிறுவனங்கள் கையிலிருந்த பத்திரங்களில் 42 சதவீதம் அப்படி இருந்தது. இவை சார்பின் அளவு. நட்டத்தின் அளவு அல்ல. "36 சதவீதம் பணம் போய்விடும்" என்று யாராவது சொன்னால் அவர் அறிக்கையைப் படிக்கவில்லை என்று பொருள்.

இதில் உலகளாவிய உடன்பாடு ஏதாவது உண்டா?

உண்டு. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்க் கட்டமைப்பில் 23 இலக்குகள் இருக்கின்றன. நிதித்துறை கவனிக்க வேண்டியவை நான்கு. 14ஆவது இலக்கு, பொது, தனியார் நிதிப் பாய்ச்சல்களைக் கட்டமைப்போடு ஒத்துப்போகச் செய்யச் சொல்கிறது. 15ஆவது, பெரிய நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் தங்கள் பாதிப்பையும் சார்பையும் அளந்து வெளியிடுவதற்கு அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. 18ஆவது, தீங்கு செய்யும் மானியங்களை 2030க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 கோடி டாலர் அளவுக்குக் குறைக்கக் கேட்கிறது. 19ஆவது, ஆண்டுக்கு 20,000 கோடி டாலராவது திரட்டச் சொல்கிறது.

கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்லதற்குத் திரட்டக் கேட்கும் தொகையைவிட, கெட்டதிலிருந்து எடுக்கச் சொல்லும் தொகை இரண்டரை மடங்கு. பசுமைப் பத்திரம் எத்தனை விற்றோம் என்பதைவிட, வழக்கமான கடன்கள் எங்கே போகின்றன என்பதே ஒரு வங்கியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கார்பன் கணக்கு ஏற்கெனவே போடுகிறோம். அதோடு இதையும் சேர்த்துவிட முடியாதா?

முடியாது. ஒரு டன் கரியமில வாயு எங்கிருந்து கிளம்பினாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். ஒரு ஹெக்டேர் நிலம் அப்படியல்ல. பலமுறை உழுத வயலில் ஒரு ஹெக்டேரில் கிடங்கு கட்டுவதும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு தவளை வாழும் ஓடைக்கரையில் ஒரு ஹெக்டேரில் கிடங்கு கட்டுவதும் கணக்கேட்டில் ஒரே பரப்பு. விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பல்லுயிர் வேலை முழுவதும் "எங்கே?" என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. இடம் தெரியாத கடனுக்கு எந்த மென்பொருளாலும் சரியான விடை தர முடியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இயற்கைசார் நிதி வெளிப்படுத்தல் பணிக்குழு, சுருக்கமாக டி.என்.எஃப்.டி., 2023 செப்டம்பரில் தன் இறுதிப் பரிந்துரைகளை வெளியிட்டது. அதில் லீப் என்ற நான்கு படி முறை இருக்கிறது: இடத்தைக் கண்டறி, சார்பையும் பாதிப்பையும் மதிப்பிடு, இடரையும் வாய்ப்பையும் ஆராய், நடவடிக்கைக்கும் வெளியீட்டுக்கும் தயாராகு. முறை நல்லது. ஆனால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள வங்கி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதல் படியைச் செய்யப் போனால் இரண்டு ஆண்டு ஓடிவிடும். கையில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே முதலில் சலித்தெடுங்கள். கடன் தொகுப்பைத் தொழில் குறியீடு வாரியாகப் பிரித்து, என்கோர் என்ற இலவசக் கருவியில் ஓட்டுங்கள். எந்தத் தொழில் எந்தச் சூழல் சேவையைச் சார்ந்தது, எதைப் பாதிக்கிறது என்று அது தரப்படுத்திக் காட்டும். பொதுவாக வேளாண்மை, கால்நடை, சுரங்கம், மீன்பிடிப்பு, காகிதம், பெரிய கட்டுமானம், நீர்மின்சாரம் ஆகியவை மேலே வரும். அவற்றில் கடன் நிலுவை அதிகமுள்ள வாடிக்கையாளர்களை, முதல் ஆண்டுக்கு 30 முதல் 50 பேர் போதும், தனியே எடுத்துக்கொண்டு அவர்களுடைய இடங்களைத் தேடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை இரண்டு. என்கோர் சொல்வது தொழிலின் சராசரி. குறிப்பிட்ட வாடிக்கையாளரைப் பற்றி அது எதுவும் அறியாது. அதன் தரத்தை அப்படியே கடன் மதிப்பீட்டில் ஏற்றினால் நன்றாக நடத்தப்படும் பண்ணையும் மோசமான பண்ணையும் ஒரே மதிப்பெண் வாங்கும். அடுத்த பிழை, தொழில் குறியீடு. குழுமத்தின் தாய் நிறுவனம் "முதலீட்டு நிறுவனம்" என்று பதிவாகியிருக்கும். அதன் கீழே பனை எண்ணெய்த் தோட்டம் இருக்கும். குறியீட்டை மட்டும் நம்பினால் அந்தத் தோட்டம் சல்லடையில் விழாமலே தப்பிவிடும்.

இருப்பிடத் தரவை வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது? என்ன சோதிப்பது?

முகவரி வேண்டாம், ஆயத்தொலைவுகள் வேண்டும். சிறிய இடத்துக்கு ஒரு புள்ளி. பெரிய இடத்துக்கு எல்லையைச் சுற்றி வரைந்த பாலிகன். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குமுறை 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாலிகனையும், ஆயத்தொலைவில் ஆறு தசம இலக்கத்தையும் கேட்கிறது. கால்நடை, கொக்கோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழையும் அவற்றிலிருந்து வரும் பல பொருள்களையும் அது உள்ளடக்குகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததை அது ஏற்பதில்லை. அந்தச் சட்டம் வங்கிகளை நேரடியாகக் கட்டவில்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் ஏற்றுமதிக்காக அந்தத் தரவைத் திரட்டியிருப்பார். புதிதாகக் கேட்காமல் அதையே கேட்டு வாங்குங்கள்.

வந்த தரவைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை: அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் தோட்டம் நடுக்கடலில் போய் நிற்கும். இருபது பண்ணைகளுக்கும் ஒரே புள்ளியா? அப்படியானால் அது கொள்முதல் நிலையம். பாலிகன் அச்சடித்தாற்போல வட்டமா? யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அறிவித்த பரப்பும் பாலிகனின் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனைகளை ஒரு விரிதாளிலும் இலவச வரைபட மென்பொருளிலும் அரை நாளில் முடித்துவிடலாம்.

பிறகு அந்த எல்லையை ஐபாட் (IBAT) என்ற பல்லுயிர்த் தரவுக் கருவி தரும் மூன்று வரைபட அடுக்குகளின் மேல் வையுங்கள்: பாதுகாக்கப்பட்ட பகுதிகள், முக்கியப் பல்லுயிர்ப் பகுதிகள், இனங்களின் அழிவு ஆபத்தைத் தரப்படுத்தும் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் உள்ளவற்றின் பரவல். வணிகப் பயன்பாட்டுக்கு அதற்குக் கட்டணம் உண்டு. அதன்பின் செயற்கைக்கோள் படம். சென்டினல்-2 படங்களின் நுணுக்கம் 10 மீட்டர், 2015இலிருந்து கிடைக்கின்றன, இலவசம். அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க லேண்ட்சாட், 30 மீட்டர் நுணுக்கத்தில்.

ஓர் எச்சரிக்கை. "மரப்போர்வை இழப்பு" என்று இணைய வரைபடங்கள் சிவப்பாகக் காட்டுவது எல்லாம் காடழிப்பு அல்ல. தைல மரத் தோப்பை அறுவடை செய்தாலும் அது சிவப்பாகத்தான் தெரியும். மறுபக்கம், புல்வெளியும் சதுப்பு நிலமும் அழிந்தால் அந்த வரைபடம் வாயே திறக்காது, அங்கே மரம் இல்லையே. இயற்கைப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிக் கடன் கொடுப்பது இந்தத் துறையின் மிகப் பெரிய, மிகக் குறைவாகப் பேசப்படும் தவறு.

கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

நிறுவனத்தின் வலிமை முழுவதும் பணம் கைமாறும் முன்தான். முழுத்தொகையும் போன பிறகு நீங்கள் எழுதும் கடிதங்கள் வேண்டுகோள்கள். அதனால் கொள்கை அறிக்கையைவிட ஒப்பந்தப் பக்கங்களில் நேரத்தைச் செலவிடுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

திட்டக் கடனுக்கு உலகளவில் பழகிய அளவுகோல், உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைப் பிரிவான ஐ.எஃப்.சி.யின் 6ஆவது செயல்திறன் தரநிலை. 2012இலிருந்து நடப்பில் இருக்கும் இந்தப் பதிப்பையே, திட்டக் கடனின் சூழல் இடருக்காக வங்கிகள் தாமாக ஏற்ற விதிகளான ஈக்வேட்டர் கோட்பாடுகளில் சேர்ந்த வங்கிகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அது வாழிடங்களை மூன்றாகப் பிரிக்கிறது: மாற்றப்பட்டது, இயற்கையானது, மிக முக்கியமானது. இயற்கை வாழிடத்தில் இயன்றவரை நிகர இழப்பு இருக்கக் கூடாது. மிக முக்கிய வாழிடத்தில் நிகர ஆதாயம் காட்ட வேண்டும், அதுவும் வேறு இடமே இல்லை என்று நிரூபித்த பிறகு.

ஒரு நீர்மின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தவணைக்கு முன்நிபந்தனையாக, குறைந்தது ஈரப் பருவத்திலும் வறண்ட பருவத்திலும் செய்த அடிநிலைக் கணக்கெடுப்பு, அதாவது வேலை தொடங்கும் முன் அங்கே இருக்கும் உயிர்களின் கணக்கு, வேண்டும். ஒரு பருவத்தில் மட்டும் போய் வந்தால் வலசை மீன்கள் கணக்கில் வராது. அவைதான் அணையால் முதலில் அடிபடுபவை. இரண்டாவது முன்நிபந்தனை, பல்லுயிர் செயல் திட்டம், அதன் செலவுத் தொகையோடு. செலவு திட்ட மதிப்பீட்டில் தனி வரியாக இல்லாவிட்டால், கட்டுமானச் செலவு ஏறும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். மூன்றாவது, ஆற்றில் எப்போதும் விடப்பட வேண்டிய குறைந்தபட்ச நீரோட்டம், கன அடி அல்லது கன மீட்டர் கணக்கில், மாதம் வாரியாக. "போதிய நீர் விடப்படும்" என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம்.

அடுத்த தவணைகள் ஒவ்வொன்றும், கடன் கொடுத்தவர்களுக்காக வேலை செய்யும் தனி ஆய்வாளரின் அறிக்கை வந்த பிறகே. அவருக்குச் சம்பளம் கடன் வாங்குபவர் கணக்கிலிருந்து போகலாம். நியமிப்பதும் நீக்குவதும் கடன் கொடுப்பவர் கையில் இருக்க வேண்டும். மீறல் நடந்தால் சரிசெய்ய 30 முதல் 60 நாள் அவகாசம், அதற்குள் தவணை நிறுத்தம், அதன் பிறகே ஒப்பந்த முறிவு என்று படிப்படியாக எழுதுங்கள். சிறு மீறலுக்கும் முழுக் கடனைத் திருப்பிக் கேட்பதுதான் ஒரே வழி என்று எழுதி வைத்தால், எந்தக் கடன் குழுவும் அதைப் பயன்படுத்தத் துணியாது. அளவான ஆயுதம்தான் எடுக்கப்படும்.

பொதுத் தேவைக்கான நிறுவனக் கடனில் இந்தக் கட்டமைப்பு இருக்காது. பணம் எந்த இடத்துக்குப் போகிறது என்றே தெரியாது. அங்கே குழுமம் முழுவதற்குமான உறுதிமொழி வாங்க வேண்டும்: குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இயற்கைக் காட்டையோ கரிச்சதுப்பையோ (மட்கிய தாவரம் படிந்த சதுப்பு நிலம்) மாற்றக் கூடாது, ஆண்டுதோறும் இருப்பிடப் பட்டியல் தர வேண்டும் என்று. பல வங்கிகள் சேர்ந்து தரும் கூட்டுக் கடனில் நீங்கள் சிறு பங்குதாரராக இருந்தால் ஒப்பந்த வரைவு சுற்றுக்கு வரும்போதே திருத்தம் கொடுங்கள். கையெழுத்துக்கு வந்தபின் கேட்பது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

அழித்ததற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நட்டால் போதாதா?

தவிர், குறை, மீட்டெடு, ஈடுசெய்: வரிசை இதுதான், ஈடுசெய்தல் கடைசி. நூறாண்டு மரத்தின் பொந்தில் கூடு வைக்கும் பறவைக்கு, நாற்றங்கால் கன்று நூறாண்டு கழித்துத்தான் பதில் சொல்லும். வேறெங்கும் இல்லாத இனத்தின் வாழிடத்துக்கு ஈடு என்பதே கிடையாது. ஈடு ஏற்கும் இடங்களில்கூட, வாழிடம் அதே வகையாக இருக்க வேண்டும், வேலை அழிப்புக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், பராமரிப்புப் பணம் தனிக் கணக்கில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கடன் 12 ஆண்டில் முடிந்துவிடும், ஈடு நிலம் அதற்குப் பிறகும் யாரையாவது நம்பி நிற்கும். அப்போது அதை யார் காப்பார் என்ற கேள்விக்கு விடை இல்லாத திட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பணம் கொடுக்கவே கூடாத செயல்பாடுகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறோம். அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடத்தில் தட்டிப் பாருங்கள். பட்டியல் கடனுக்கு மட்டுமா, பத்திர வெளியீட்டை ஏற்று விற்பதற்கும் ஆலோசனைச் சேவைக்கும் பொருந்துமா? துணை நிறுவனம் தவறு செய்தால் தாய் நிறுவனத்துக்கான கடனும் நிற்குமா? "உலகப் பாரம்பரியத் தலங்களுக்குள் செயல்பாடு கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தால், தலத்தின் எல்லையிலிருந்து 200 மீட்டர் தள்ளி, மேல்நீரோட்டத்தில் சுரங்கம் வருமே, அதற்கு என்ன விடை? மூன்றுக்கும் தெளிவான விடை இல்லை என்றால் பட்டியல் வரவேற்பறையில் மாட்டிய படம்.

வட்டிச் சலுகை கொடுத்து நல்ல நடத்தையை ஊக்குவிக்கலாமா?

இலக்கோடு இணைந்த கடன் அதற்குத்தான் இருக்கிறது. இலக்கை எட்டினால் வட்டி சில அடிப்படைப் புள்ளிகள் (ஒரு புள்ளி என்பது 0.01 சதவீதம்) குறையும், தவறினால் ஏறும். பல ஒப்பந்தங்களில் 5 புள்ளிக்கு மேல் வேறுபாடு இருப்பதில்லை. 100 கோடிக் கடனில் அது ஆண்டுக்கு 5 லட்சம். ஆற்றங்கரை ஓரத்தில் 30 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கிற பண்ணைக்கு அது பெரும்பாலும் பேருந்துச் செலவு. சலுகை அர்த்தமுள்ளதாக இருக்கட்டும். இலக்கும் வாடிக்கையாளர் ஏற்கெனவே எட்டிவிட்டதாக இருக்கக் கூடாது. "பயிற்சி பெற்ற ஊழியர் எண்ணிக்கை" போன்றவற்றைத் தள்ளுங்கள். இயற்கைத் தாவரம் மூடிய பரப்பு, பூச்சிக்கொல்லி ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, எங்கிருந்து வந்தது என்று தடம் காணப்பட்ட கொள்முதல் எத்தனை சதவீதம் என்பவை அளக்கக் கூடியவை.

காண்டாமிருகப் பத்திரம், கடனுக்கு இயற்கை மாற்று என்றெல்லாம் கேள்விப்படுகிறோம். அவை எப்படி இயங்குகின்றன?

2022 மார்ச்சில் உலக வங்கி 15 கோடி டாலருக்கு ஐந்தாண்டுப் பத்திரம் வெளியிட்டது. முதலீட்டாளருக்கு வழக்கமான வட்டி கிடையாது. அதற்குச் சமமான சுமார் 1 கோடி டாலர் தென்னாப்பிரிக்காவின் ஆடோ யானைப் பூங்காவுக்கும் கிரேட் ஃபிஷ் ஆற்றுக் காப்பகத்துக்கும் போகிறது. கருப்புக் காண்டாமிருகங்கள் எந்த வேகத்தில் பெருகின என்பதை வைத்து, முடிவில் முதலீட்டாளருக்கு உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியம் சுமார் 1.38 கோடி டாலர்வரை வெற்றித் தொகை தரும். அசலுக்கு உலக வங்கி பொறுப்பு. எண்ணக்கூடிய, வேலிக்குள் காக்கக்கூடிய விலங்கு என்பதால் இது நடந்தது. மண்புழுவுக்கு இப்படிப் பத்திரம் எழுத முடியாது.

மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் கதை வேறு, அதுதான் கடனுக்கு இயற்கை மாற்று. 2021இல் அது 55.3 கோடி டாலர் வெளிக்கடன் பத்திரத்தை டாலருக்கு 55 சென்ட் விலையில் திரும்ப வாங்கியது. அதற்கான பணம் 36.4 கோடி டாலர் நீலக் கடனாக, அதாவது கடல் பாதுகாப்போடு இணைந்த கடனாக, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் வழியாக வந்தது. அமெரிக்க வளர்ச்சி நிதி நிறுவனம் அரசியல் இடர்க் காப்பீடு கொடுத்ததால்தான் வட்டி கட்டுபடியானது. பதிலுக்கு பெலீஸ் தன் கடலில் 30 சதவீதம்வரை பாதுகாப்பதாக உறுதியளித்தது. கடன் பத்திரம் சந்தையில் பெரிய தள்ளுபடியில் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். தயாரிப்புச் செலவும் அதிகம். நல்ல கருவிகள், ஆனால் குறுகிய வாசல். இதில் ஆண்டுக்கு ஒன்று செய்துவிட்டு அன்றாடக் கடன்களை அப்படியே விடும் நிறுவனம் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது.

காப்பீட்டு நிறுவனம் என்ன செய்யலாம்?

நிறைய. மெக்சிகோவின் கின்டானா ரோ கடற்கரையில் 2019இல் பவளத்திட்டுக்கே பாலிசி எடுக்கப்பட்டது. சேதத்தை அளந்து இழப்பீடு தரும் வகை அல்ல. குறித்த கடற்பரப்பில் காற்று 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டினால் பணம் தானாக வரும். 2020 அக்டோபரில் டெல்டா சூறாவளி தாக்கியபோது சுமார் 8 லட்சம் டாலர் வந்தது. ஏன் இந்த அவசரம் என்றால், உடைந்து கிடக்கும் பவளத் துண்டு அலையில் உருண்டு மணலில் புதைந்தால் செத்துவிடும். முன்பே பயிற்சி பெற்ற முக்குளிப்போர் சில நாள்களில் இறங்கி, துண்டுகளைப் பொறுக்கி, சிமெண்ட் அல்லது பசை வைத்துத் திட்டில் ஒட்ட வேண்டும். பாலிசியோடு படகும் ஆளும் பயிற்சியும் தயாராக இல்லாத இடத்தில் பணம் மட்டும் வந்து என்ன பயன்? காற்று அளவை எட்டாமல் பெருஞ்சேதம் விளையும் வாய்ப்பும் உண்டு. அதை வாங்குபவருக்கு முன்னரே விளக்கிச் சொல்லுங்கள்.

மறுப்பதிலும் வலிமை இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடிக் கப்பலுக்குக் காப்பீடு இல்லாவிட்டால் பல துறைமுகங்களில் நுழைவதே கடினம். பாலிசி எழுதும் முன் கப்பலின் ஏழு இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணைக் கட்டாயமாக வாங்குங்கள். பெயரும் கொடியும் மாறும், அந்த எண் மாறாது. வட்டார மீன்வள அமைப்புகள் வெளியிடும் கறுப்புப் பட்டியலில் அதைத் தேடுங்கள். கப்பலின் இருப்பிடக் கருவி அடிக்கடி அணைக்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

காட்டுயிர்க் கடத்தல் பணம் எங்கள் கணக்குகளில் ஓடுகிறதா என்று எப்படி அறிவது?

சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2020 ஜூனில் இதற்கென்றே அறிக்கை வெளியிட்டது. கடத்தல்காரர்கள் புதிய வழி தேடுவதில்லை. உறைந்த மீன், மரம், பழைய பிளாஸ்டிக் என்று ஏற்றுமதி செய்யும் சாதாரண நிறுவனங்களின் பின்னால் ஒளிகிறார்கள். கவனிக்க வேண்டியவை: சரக்கின் மதிப்பைவிடக் கப்பல் கூலி அதிகம். சரக்கோடு தொடர்பில்லாத மூன்றாம் நபர் பணம் கட்டுகிறார். சுங்க அதிகாரியின் உறவினர் கணக்கில் சுழற்சியாகத் தொகை விழுகிறது. ஒரே கன்டெய்னருக்கான ஆவணங்கள் வழியில் இரண்டு முறை மாறியிருக்கின்றன. இவற்றில் ஒன்று தனியாக எதையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று சேர்ந்தால் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை போட வேண்டியதுதான். அறிக்கையில் இனத்தின் பெயரையும் கன்டெய்னர் எண்ணையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் புலனாய்வாளர் மேசையில் அது நகராது.

நாங்கள் சிறு கடன் நிறுவனம். இவ்வளவும் எங்களால் ஆகுமா?

ஆகாது, வேண்டியதும் இல்லை. கடன் விண்ணப்பத்தில் மூன்று வரி சேருங்கள்: நிலத்தின் புள்ளி, ஐந்தாண்டுக்கு முன் அங்கே என்ன இருந்தது, நீர் எங்கிருந்து வருகிறது. பூச்சிக்கொல்லிக் கடனில் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை இணையுங்கள். கைபேசியிலேயே புள்ளியை எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆவணம் காட்ட முடியவில்லை என்று சிறு விவசாயியை வெளியே தள்ளுவது. அவர் வட்டிக்காரரிடம் போவார், அங்கே யாரும் புள்ளி கேட்கமாட்டார்கள்.

பல்லுயிரை ஒரே எண்ணில் அளக்க முடியுமா?

சராசரி இனச் செழிப்பு என்ற அளவு, தீண்டப்படாத நிலையோடு ஒப்பிட்டு 0 முதல் 1 வரை மதிப்பிடுகிறது. ஸ்டார் என்ற அளவு, ஓர் இடத்தில் அச்சுறுத்தலைக் குறைத்தால் இனங்கள் அழியும் இடர் எவ்வளவு குறையும் என்று காட்டுகிறது. முதலாவது தொகுப்பு முழுவதையும் ஒப்பிட உதவும், ஆனால் அரிய இனத்துக்கும் சாதாரண இனத்துக்கும் வேறுபாடு பார்க்காது. இரண்டாவது அரியதைப் பார்க்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். தொகுப்பின் எண் நன்றாக ஏறுகிற அதே ஆண்டில், ஒரே ஒரு கடன் ஓர் இனத்தின் கடைசி வாழிடத்தை முடித்துவிடலாம்.

கடன் கொடுத்த பிறகு, வாடிக்கையாளர் நிலத்தில் காடழிப்பு எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

முதல் 48 மணி நேரத்தில் படத்தை உறுதிசெய்யுங்கள். மேகத்தின் நிழலும் எரிந்த புல்லும் பொய் எச்சரிக்கை தரும். உண்மை என்றால் அன்றே எழுத்தில் விளக்கம் கேட்டு, விடுவிக்காத தவணைகளை நிறுத்துங்கள். பத்து வேலை நாளுக்குள் விடை வராவிட்டால் தனி ஆய்வாளரை அனுப்புங்கள். அவர் நிறுவனத்தாரோடு மட்டும் பேசாமல், பக்கத்து ஊர் மக்களிடமும் தனியே பேச வேண்டும். நிலம் யாருடையது என்ற சண்டை அந்தக் காடழிப்புக்குள் ஒளிந்திருப்பது வழக்கம். பழங்குடி மக்களின் நிலமென்றால் அவர்களுடைய முன்கூட்டிய ஒப்புதல் வாங்கப்பட்டதா என்பதற்கான ஆவணத்தைத் தேடுங்கள்.

உடனே கணக்கை மூடிவிட்டு விலகுவது கையைச் சுத்தமாகக் காட்டும், காட்டைக் காக்காது. அந்தக் கடனைக் கேள்வி கேட்காத இன்னொருவர் வாங்கிக்கொள்வார். முதலில் வேலை நிறுத்தம், அழித்த பரப்புக்கான மீட்புத் திட்டம், அதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது ஆகிய மூன்றையும் தேதியோடு கேளுங்கள். 12 மாதத்துக்குள் மூன்றும் நடக்காவிட்டால் புதுப்பிக்க மறுத்து வெளியேறுங்கள், காரணத்தைக் கூட்டுக் கடனில் உள்ள மற்ற வங்கிகளுக்கு எழுத்தில் சொல்லிவிட்டு. இரகசியக் காப்பு விதி அதற்குத் தடையாக வராதபடி அனுமதி வாசகத்தை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்க வேண்டும்.